கொல்லையில் ஓர் அரிய பழமரம்: கன்று வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

ரம்புட்டான், மங்குஸ்தான், வெண்ணெய்ப்பழம், முள் சீத்தா, முட்டைப்பழம் என்று சீட்டுக் கட்டிய கன்றுகள் இப்போது டெல்டா ஊர்களின் நர்சரிகளுக்கே வந்துவிட்டன. வாங்கி நடுவது ஒரு மணி நேர வேலை. அது காய்க்குமா காய்க்காதா என்று தெரிவதற்குள் ஐந்திலிருந்து பத்து வருடம் ஓடிவிடும். அத்தனை நாளும் ஒரு தென்னை நிற்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொண்டிருக்கும். 25 அடி இடைவெளி கேட்கும் மரத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை சென்ட் வேண்டும். நன்றாகப் பார்த்துக்கொண்ட நெட்டைத் தென்னை அதே இடத்தில் வருடத்துக்கு 80 முதல் 100 காய் தரும். புதிய மரம் இதைவிட மேலான எதைத் தரப்போகிறது என்ற கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகு கன்றுக்குப் பணம் கொடுங்கள்.

கீழே உள்ள சோதனைகளை முடிக்க ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் ஆகும். அந்த ஒரு வருடத்தை மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்கள்தான் பிறகு ஆறு வருடத்தை இழக்கிறார்கள்.

முதலில் பழத்தைச் சாப்பிடுங்கள்

படத்தைப் பார்த்து மரம் வைக்க வேண்டாம். குற்றாலச் சீசனில், ஆனி முதல் ஆவணி வரை, ரம்புட்டானும் மங்குஸ்தானும் கடைகளில் குவிந்திருக்கும். அங்கிருந்தோ கேரளத்திலிருந்தோ வரும் பழத்தை வாங்கி வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுப் பாருங்கள். ஒரு தடவை போதாது. மூன்று நான்கு தடவை, வேறு வேறு கடைகளில் வாங்கிச் சாப்பிடுங்கள். ரம்புட்டானில் சதை கொட்டையை விட்டுச் சுலபமாகப் பிரிகிற ரகமும் உண்டு, கொட்டைத் தோலோடு ஒட்டிக்கொண்டு வருகிற ரகமும் உண்டு. இரண்டும் ஒரே விலைக்கு விற்கும்.

முட்டைப்பழத்தில் இந்தச் சோதனை இன்னும் முக்கியம். மரம் நம் ஊரில் நன்றாக வரும், காயும் கொட்டும். ஆனால் பழம் வேகவைத்த மஞ்சள் கருவைப் போல மாவாக, தொண்டையில் அடைக்கும். பாலில் அடித்துக் குடிக்கப் பிடித்தவர்களுக்கு அது அருமையான பழம். பிடிக்காத வீட்டில் அத்தனையும் மரத்தடியில் அழுகும்.

மருந்து என்று சொல்லி விற்கும் பழத்துக்கு மருந்து விலை கொடுக்க வேண்டாம். முள் சீத்தா புற்றுநோயைக் குணமாக்கும் என்பதற்கு மனிதர்களிடம் நிரூபணம் இல்லை. கரீபியன் தீவான குவாதலூப்பில் இந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் தொடர்ந்து எடுத்துக்கொண்டவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நரம்புக் கோளாறு கூடுதலாகக் காணப்பட்டதை மருத்துவ ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எப்போதாவது பழமாகச் சாப்பிடலாம், ஆனால் தினம் கஷாயம் வைப்பதற்காக இந்த மரத்தை நடாதீர்கள். நட்சத்திரப் பழத்தைச் சிறுநீரகம் பழுதானவர்கள் தொடவே கூடாது. அதிலுள்ள நச்சைச் சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாமல் விக்கலில் தொடங்கி வலிப்பு வரை போகும். வீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்பவர் இருந்தால் அந்த மரத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

டெல்டாவின் இரண்டு கெட்ட காலங்கள்

இந்தப் பழமரங்களில் பலவும் வருடம் முழுக்க ஈரக்காற்றும் பரவலான மழையும் கிடைக்கும் மலைச்சரிவுகளில் நன்றாக வருபவை. தமிழ்நாட்டில் அவை நிலைத்த இடங்கள் நீலகிரி அடிவாரத்துக் கல்லாறு, பர்லியாறு, குற்றாலம், கன்னியாகுமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறை. எல்லாம் மலையை ஒட்டியவை, தண்ணீர் நிற்காத சரிவுகள். நம்முடையது தட்டையான நிலம். வருட மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்ந்துவிடும். அப்போது வயலும் வாய்க்காலும் கொல்லையும் ஒரே மட்டத்தில் நிற்கும். வேர் மூச்சுவிட முடியாமல் இருப்பது அந்த ஆறு எட்டு வாரம்.

அடுத்தது கோடை. மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். ரம்புட்டான் மாசி பங்குனியில் பூத்து, பங்குனி முதல் ஆனி வரை காயைப் பெருக்க வேண்டிய மரம். அதாவது மரத்துக்கு அதிகம் தண்ணீர் தேவைப்படும் நேரமும் வாய்க்கால் காய்ந்து கிடக்கும் நேரமும் ஒன்றாகவே வருகின்றன. அந்தக் காலம் முழுவதும் போர் தண்ணீரை நம்பித்தான் மரம் நிற்க வேண்டும். நாகப்பட்டினம், வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி பக்கம் அந்தப் போரில் பல இடங்களில் உப்பு ஏறிக் கிடக்கிறது.

ஆகவே ஒரு மரம் நம் ஊருக்கு ஆகுமா என்று பார்க்கும்போது தை, மாசியின் பசுமையை வைத்து எடைபோடாதீர்கள். கார்த்திகை வெள்ளத்திலும் அக்னி நட்சத்திர வெயிலிலும் அது பிழைக்குமா என்று பாருங்கள்.

குழிச் சோதனை

மரம் வைக்க நினைக்கும் இடத்திலேயே ஒரு அடி அகலம், இரண்டு அடி ஆழம் குழி வெட்டுங்கள். வெட்டும்போதே மண்ணைக் கவனிக்க வேண்டும். ஒரு அடிக்குக் கீழே நீலம் கலந்த சாம்பல் நிறக் களி, அதில் துரு நிறத் திட்டுகள் தெரிந்தால் அங்கே வருடத்தில் பல வாரம் தண்ணீர் தேங்குகிறது என்று அர்த்தம். அந்தப் புள்ளியில் ஜம்புவை (வாட்டர் ஆப்பிள்) தவிர வேறெதையும் மேடு போடாமல் வைக்க முடியாது.

குழியை நிரப்பி முழுதும் வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு குச்சியைக் குத்தி நீர்மட்டத்தைக் குறித்து, ஒரு மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள். ஒரு அங்குலமோ அதற்கு மேலோ இறங்கினால் நல்ல வடிகால். அரை அங்குலத்துக்கும் ஒரு அங்குலத்துக்கும் இடையில் என்றால் மேடு கட்டாயம். அரை அங்குலம்கூட இறங்காவிட்டால் வெண்ணெய்ப்பழம், துரியன் பற்றிய யோசனையை அங்கேயே விட்டுவிடலாம்.

கோடையில் செய்த சோதனை பாதி உண்மையைத்தான் சொல்லும். காய்ந்து வெடித்த களி முதல் தடவை தண்ணீரை மடமடவென்று குடிக்கும். அதனால்தான் இரண்டாம் தடவை நிரப்பச் சொல்கிறோம். அதே குழியை மூடாமல் முள் போட்டு அடைத்து வையுங்கள், குழந்தைகளும் ஆடுமாடும் விழாதபடி. ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட மூன்றாம் நாள் போய்ப் பாருங்கள். தரையிலிருந்து ஒன்றரை அடிக்குள் தண்ணீர் நின்றால், அது மண்ணின் வடிகால் குறைவு மட்டுமல்ல, நிலத்தடி நீரே மேலே வந்துவிட்டது. அதை எருவாலும் மணலாலும் சரிசெய்ய முடியாது. மண்ணை உயர்த்த வேண்டும்.

எந்த ஊர் என்பதும் இங்கே கணக்கு. கொள்ளிடம், காவிரிப் படுகையின் வண்டலும் மணலும் கலந்த மண் முதல் தரம். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்துச் செம்மண் கலந்த இளகிய மண்ணும் நல்லது. மன்னார்குடி, திருவாரூர், நாகைப் பக்கத்துக் களியில்தான் இவ்வளவு கவனமும் தேவைப்படுகிறது.

தண்ணீரும் மண்ணின் காரமும்

போர் தண்ணீரைப் பங்குனி கடைசியில் எடுத்துப் பரிசோதியுங்கள். மழைக்காலத்தில் எடுத்தால் நல்ல பெயர் வாங்கிவிடும். அறிக்கையில் மின்கடத்துத்திறன் (EC) என்ற எண் தண்ணீரில் உள்ள உப்பைக் காட்டும். அது dS/m கணக்கில் 0.7-க்குள் இருந்தால் கவலையில்லை. 1.5-ஐத் தாண்டினால் ரம்புட்டான், மங்குஸ்தான், வெண்ணெய்ப்பழம் மூன்றையும் விட்டுவிடுங்கள். மண்ணையும் தண்ணீரையும் சோதிக்க சிக்கல், நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையங்களில் கேளுங்கள்.

மண் அறிக்கையில் பி.எச். என்ற எண்ணைப் பாருங்கள். 7-க்குக் கீழே புளிப்பு மண், மேலே கார மண். ரம்புட்டானுக்கு 5-லிருந்து 6.5 வரை பிடிக்கும். டெல்டா மண் பெரும்பாலும் 7-க்கு மேல், சில இடங்களில் 8.5 வரையும் போகும். அங்கே மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. புதுத் தளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்துத் தெளித்தால் பச்சை திரும்பும், ஆனால் அடுத்த தளிரும் வெளுக்கும். வருடத்துக்கு நான்கு தடவை தெளிக்கத் தயாரா என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அதிகம் செலவில்லாத ஒரு சோதனையும் உண்டு. ஒரே ஒரு கன்றை வாங்கி, தரையில் நடாமல் பெரிய பையிலோ சிமெண்ட் தொட்டியிலோ மாமர நிழலில் வைத்து, உங்கள் போர் தண்ணீரையே மாசியிலிருந்து வைகாசி வரை ஊற்றுங்கள். நிழலில் இருக்கும்போதே முதிர்ந்த இலைகளின் நுனியும் ஓரமும் கருகினால் குற்றம் உப்பில். நிழலில் நன்றாக இருந்து, வெயிலுக்கு நகர்த்தியதும் மேற்குப் பக்க இலைகள் மட்டும் கருகினால் குற்றம் வெயிலிலும் காற்றிலும். இரண்டாவதைக் கீற்றுத் தட்டி கட்டிச் சமாளிக்கலாம். முதலாவதைச் சமாளிக்க முடியாது.

எந்த மரம் ஆகும்?

ஜம்பு, அதாவது வாட்டர் ஆப்பிள் என்று விற்கும் மரம், டெல்டாவுக்குத் துணிந்து வைக்கலாம். களியையும் ஈரத்தையும் தாங்கும், ஒட்டோ பதியனோ வைத்தால் இரண்டு மூன்று வருடத்தில் காய்க்கும். தொல்லை பழ ஈதான். பிஞ்சு சுண்டைக்காய் அளவிலிருந்து கொஞ்சம் பெருத்ததும் காகித உறையோ வலைப்பையோ கட்டிவிட வேண்டும். மீத்தைல் யூஜினால் பொறி ஆண் ஈயை மட்டும்தான் இழுக்கும், அதனால் பொறி வைத்தவர்களும் உறை கட்டத்தான் வேண்டும்.

முள் சீத்தா மேட்டில் நன்றாக வரும். பூத்தும் காய் பிடிக்காமல் போவது வழக்கமான புகார். முழுதாக விரிந்து மகரந்தம் உதிரும் பூவிலிருந்து சிறு தூரிகையால் தூளை எடுத்து, அப்போதுதான் இதழ் பிரியத் தொடங்கிய பூவின் நடுவில் காலையில் தடவிவிட்டால் காய் கூடும், கோணலும் குறையும். நட்சத்திரப் பழம், முட்டைப்பழம், பார்படாஸ் செர்ரி மூன்றுக்கும் இடம் மட்டும் மேடாக இருந்தால் போதும். சீமைப்பலா வளரும், ஆனால் கட்டை மென்மையானது. புயல் பாதையில் வீட்டுக் கூரைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

ரம்புட்டான் உழைப்பவர்களுக்கான மரம். படுகை மண், நல்ல தண்ணீர், மேற்கே தென்னந்தோப்போ மதிலோ இருந்து காற்றைத் தடுக்கும் இடம் ஆகிய மூன்றும் ஒன்றாக இருந்தால் ஒன்றிரண்டு வைத்துப் பாருங்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம் என்பது எங்கள் முடிவு. 20 அடி விரிந்த மரத்துக்குச் சித்திரையில் நாளொன்றுக்கு 100 லிட்டருக்குக் குறையாமல் வேண்டும். காய் பெருக்கும்போது தண்ணீர் விட்டுவிட்டுப் பாய்ந்தால் தோல் வெடிக்கும்.

மங்குஸ்தானுக்குப் பொறுமை வேண்டும். விதைக்கன்று காய்க்க ஏழிலிருந்து பத்து வருடம், பல இடங்களில் அதற்கு மேலும் ஆகும். முதல் மூன்று நான்கு வருடம் நிழல் இல்லாமல் பிழைக்காது. கேரளத்தில் தென்னைக்கு ஊடுமரமாக வைக்கிறார்கள். நம் ஊரிலும் வயதான தென்னந்தோப்பின் நடுவே, மூடாக்கு போட்டு, மேல்மண் காயாமல் பார்த்துக்கொள்ள முடிந்தால் வைக்கலாம். இதன் வேரில் உறிஞ்சும் தூவிகள் குறைவு, அதனால் மேல்மண் பத்து நாள் காய்ந்தாலே வளர்ச்சி நின்றுவிடும்.

வெண்ணெய்ப்பழத்தில் மலைக்கு ஏற்ற இனமும் சமவெளிக்கு ஏற்ற இனமும் வேறு வேறு. கொடைக்கானல் பக்கத்துப் பழத்தின் கொட்டையை முளைக்கவைத்து இங்கே நடுவதில் பயனில்லை. மேற்கிந்திய இனத்து ஒட்டுக்கன்று கிடைத்தால் மட்டும், மூன்று அடி மேட்டில் வைக்கலாம். தேங்கிய நீரில் வேரழுகல் பூஞ்சை பிடித்தால், நேற்று வரை பச்சையாக நின்ற மரம் மழை ஓய்ந்த வாரத்தில் வாடும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றுவார்கள், அதோடு அது முடிந்துவிடும்.

லிச்சியும் துரியனும் வேண்டாம். லிச்சிக்குப் பூப்பதற்கு முன் குளிர் வேண்டும். மார்கழி இரவிலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும் நம் ஊரில் அது தளிர் விட்டுக்கொண்டே இருக்கும். துரியனுக்கு நம் மழைக்காலத்து வேரழுகலும் கோடைக்காற்றும் இரண்டுமே எமன்.

கன்று பார்த்து வாங்குவது

ரம்புட்டான் விதைக்கன்றில் ஏறக்குறைய பாதி ஆண். ஆறு வருடம் வளர்த்துப் பூவை மட்டும் பார்க்கலாம். ஆகவே ஒட்டுக்கன்றுதான். தண்டில் தரையிலிருந்து ஆறிலிருந்து ஒன்பது அங்குலத்துக்குள் ஒட்டுத் தடம் தெரிய வேண்டும், தடத்துக்கு மேலும் கீழும் பட்டையின் நிறம் கொஞ்சம் மாறியிருக்கும். தடத்துக்குக் கீழிருந்து கிளைத்த தளிர் மட்டும் உயிரோடு இருந்தால் அது வேர்ச்செடி, ரகம் செத்துவிட்டது. மங்குஸ்தானுக்கு இந்தப் பயம் இல்லை. அதன் விதை மகரந்தச் சேர்க்கை இல்லாமலே உருவாவதால் விதைக்கன்று தாய்மரத்தைப் போலவே இருக்கும்.

பையைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். வேர் பையின் அடியில் வட்டமாகச் சுற்றி முறுக்கியிருந்தால் வேண்டாம். ஆள் உயரக் கன்று பெருமைக்கு ஆகும். இரண்டு அடியில், கடைசித் தளிர் முதிர்ந்து கரும்பச்சையான கன்றுதான் நட்ட இடத்தில் பிடிக்கும். தபாலில் உலர் பாக்கெட்டில் வரும் ரம்புட்டான், மங்குஸ்தான், துரியன் விதைகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். இந்த விதைகள் காய்ந்தால் செத்துவிடும். பழம் தின்ற அன்றோ மறுநாளோ ஈரத்தில் போட்டால்தான் முளைக்கும்.

மேடு

களியில் பெரிய குழி வெட்டி எருவும் மணலும் நிரப்பி நடுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. சுற்றிலும் களிச்சுவர், நடுவில் இளகிய மண்: மழையில் அந்தக் குழி ஒரு தொட்டியாகிவிடும். சுற்றியுள்ள தண்ணீர் எல்லாம் அதற்குள் இறங்கி நிற்கும், வேர் அதில் ஊறும்.

குழி வெட்டாமல் தரையைக் கொத்திவிட்டு அதன்மேல் மேடு போடுங்கள். அடியில் 10 அடி, மேலே 6 அடி விட்டம், இரண்டரை அடி உயரம். இதற்கு ஒன்றேகால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல், 130 கன அடி மண் பிடிக்கும். படுகை மண்ணோ செம்மண்ணோ மூன்று பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு. உப்பு நிலத்து மண்ணையும் கடற்கரை மணலையும் அடிக்காதீர்கள். மேட்டைச் சுற்றி ஒரு அடி ஆழக் கால்வாய் எடுத்து வடிகாலோடு சேர்க்க வேண்டும். சேர்க்கவில்லை என்றால் கால்வாய் குட்டைதான். ஆனி, ஆடியில் மேடு போட்டு மழை முழுக்க அடங்கவிடுங்கள், கால் பங்கு உயரம் தாழும். தாழ்ந்ததை மார்கழியில் ஏற்றி, தையில் நடுங்கள். பை மண்ணின் மட்டமும் மேட்டின் மட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும், தண்டு புதையக் கூடாது.

நட்டதும் தெற்கிலும் மேற்கிலும் தென்னங்கீற்றுத் தட்டி. நிரந்தர நிழலுக்கும் காற்றுத் தடுப்புக்கும் கொடிக்காலில் போடுவதுபோல மேற்கே மூன்றடி தள்ளி இரண்டு வரிசை அகத்தி விதையுங்கள். வெற்றிலைக்குப் போதுமான நிழல் இந்தக் கன்றுகளுக்கும் போதும். முதல் கோடையில் ஒருநாள் விட்டு ஒருநாள் 10 லிட்டர். மூடாக்கு நான்கு அங்குலம், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. முதல் வருடம் ரசாயன உரம் தேவையில்லை.

மரத்தை 12 அடிக்கு மேல் போகவிடாமல் கவாத்து செய்துகொண்டே வாருங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கம் பல வருடம் வேரூன்றி நின்ற தென்னையும் மாவுமே சாய்ந்தன. மேட்டில் நிற்கும் மரத்துக்குப் பிடிமானம் இன்னும் குறைவு. உயரம் குறைந்தால் வௌவாலுக்கும் அணிலுக்கும் வலை போடுவதும் எளிது.

விற்பனை நினைப்பு இருந்தால்

ரம்புட்டான் பறித்த மூன்று நான்கு நாளில் முடி கறுத்துவிடும், உள்ளே சதை நன்றாக இருந்தாலும் வாங்க மாட்டார்கள். ஜம்பு கை பட்டாலே கன்றும். ஆகவே ஒன்றிரண்டு மரம் வீட்டுக்கும் உறவுக்கும், அல்லது வியாபாரி வண்டி அனுப்பும் அளவுக்குத் தோப்பு என்று இரண்டில் ஒன்றாக முடிவு செய்யுங்கள். ஐந்தாறு மரம் வைத்தவர் நிலைமைதான் கஷ்டம்: வீட்டில் தின்று தீராது, வியாபாரிக்குப் போதாது, உழவர் சந்தையில் பெயர் தெரியாத பழத்தை வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார வேண்டியிருக்கும். தோப்பு போடுவதானாலும் முதலில் இரண்டு மரம் காய்த்து, அந்தப் பழத்தை நீங்கள் சாப்பிட்டுப் பார்த்த பிறகு.

எப்போது எடுத்துவிடுவது

நடும் அன்றே ஒரு கெடு எழுதி வையுங்கள். ஒட்டு ரம்புட்டானுக்கு ஆறு வருடம், முள் சீத்தாவுக்கு ஐந்து, ஜம்புவுக்கு நான்கு, மங்குஸ்தானுக்குப் பன்னிரண்டு. இரண்டு மழைக்காலம் தொடர்ந்து இலையெல்லாம் உதிர்த்து, கோடையில் நுனி கருகி, இருந்த உயரத்திலேயே நிற்கும் மரத்துக்குக் கெடு வரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டாம். நன்றாக வளர்ந்து ஆண் பூ மட்டும் பூக்கும் ரம்புட்டானை வேரோடு எடுக்க வேண்டியதில்லை. ஆடியில் மூன்றடி உயரத்தில் வெட்டிவிட்டு, வரும் புதுத் தளிர்களில் தேர்ந்தவை இரண்டை விட்டு, அவை பென்சில் கனம் ஆனதும் பெண் ரகத்தின் மொட்டை ஒட்டுக்கட்டத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

எடுத்தே ஆக வேண்டும் என்றால் வேரோடு எடுத்துவிட்டு, அழுகல் வாடை அடித்த மண்ணை மட்டும் அள்ளி அப்புறப்படுத்துங்கள். மேட்டைக் கலைக்காதீர்கள். ஐந்து வருடம் மூடாக்கு தின்ற மண் அது. ஒரு கோடை காயவிட்டு, அடுத்த தையில் அதே மேட்டில் நல்ல மா ஒட்டு ஒன்று வைக்கலாம்.